நடந்து வந்த மரம்

தவக்காலத்துப் புதன்கிழமை.
வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
கோயில் நிலவறையில் மடக்கு நாற்காலிகள்,
கெட்டிலில் கொதித்து அடங்கும் தண்ணீர்.
செபமாலை மாஸ்டர் கேட்டார்:
கைபிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய்
எச்சில் தொட்டுக் குணமாக்கிய அந்தக் குருடனை மட்டும்
ஏன் இரண்டு தடவை தொட்டார்?

அவனுக்கு விசுவாசம் குறைவு என்றார் பிலவேந்திரன்.
குருடன் என்பது சீடர்கள்தான், என்றாள் அமலோற்பவம்,
கூடவே நடந்தும் பாதிதான் பார்த்தவர்கள்.
எல்லாரும் தலையாட்டினோம்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
விடியற்காலை நாலரைக்கு பஸ் எடுக்க வேண்டும்.

பெம்பினா சாலை.
பனிப்புழுதி தரையோடு பாம்பாய் ஊர்கிறது.
கண்ணாடிக்கு அடித்த நீர்
அடித்த இடத்திலேயே உறைகிறது.
பக்கக் கண்ணாடியில் வாயால் ஊதி
விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்து
காசளவு ஒரு வட்டம் செய்துகொள்வேன்.
அந்தக் காசுக்குள்தான் என் கனடா.

நிறுத்தங்களில் தலைமூடிய அங்கிகள்.
ஏறுவார்கள், அட்டை பீப் என்னும், இறங்குவார்கள்.
பதினொரு மாதம்
குட் மார்னிங் சொல்லியிருக்கிறேன்,
பீப் சத்தத்துக்கு.

அன்று
மூடிக் கிடந்த மெத்தைக் கடைக்கு முன்னால்
ஒரு தேவதாரு.
வெள்ளை பூத்து, அசையாமல்.
கடந்து போனேன்.
பின்கண்ணாடியில்
தேவதாரு கையைத் தூக்கியது.

பஸ்ஸைப் பின்னால் எடுக்கக் கூடாது.
கதவைத் திறந்து வைத்தேன்.
ஹீட்டர் சூடெல்லாம் தெருவுக்குப் போனது,
பின்சீட்டில் யாரோ முணுமுணுத்தார்கள்.
மரம் நடந்து வந்தது,
ஒவ்வோர் அடிக்கும்
வேரைப் பனியிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி.
கிட்ட வர வர இமைகள் முளைத்தன,
இமையில் உறைபனி,
கழுத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து அட்டை:
ரொடெல்.

மன்னிக்கணும், என்றேன்,
மரம் என்று நினைத்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
"நேற்றும்" என்றான்.
அட்டை பீப் என்றது.

மாஸ்டர்,
அந்தக் குருடனை இப்போது கொஞ்சம் பிடிக்கிறது.
கண் கொடுத்தவரே எதிரில் நின்று கேட்கிறார்,
ஏதாவது தெரிகிறதா?
நானென்றால்,
தெரியுது ஆண்டவரே, நல்லாத் தெரியுது,
கோடி நன்றி என்றிருப்பேன்.
ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஃபோனில் சொல்லும்
அதே குரலில்.
அவன் சொன்னான்: ஆட்கள் தெரிகிறார்கள்,
ஆனால் மரமாக.
பாதிப் புதுமையைப் பாதி என்றே சொன்ன வாய்.
இரண்டாம் தடவை கை நீண்டது
அந்த வாயைக் கேட்டுத்தானோ என்னவோ.
எனக்கு வேதம் அவ்வளவு தெரியாது.

இன்று, பாலத்துக்கு அப்பால்,
புது நிறுத்தம்,
கம்பத்துக்குப் பக்கத்தில் இருட்டாய் ஓர் உருவம்.
பிரேக்கில் காலை வைத்தேன்.
எச்சில் தொட்டு வட்டத்தை மறுபடி தேய்த்தேன்.

நிஜமாகவே தேவதாரு.

இருந்தாலும்
கதவைத் திறந்தேன்.