இறந்தகாலத்தில் எழுதுக

பள்ளி வாசலில் பனிக்காலணியைக் கழற்றி
உட்செருப்பை மாட்டினால்
குதிகால் ஒரு விரற்கடை வெளியே நிற்கும்.
இருப்பதிலேயே பெரிய அளவு இதுதான் என்று
துணைத் தலைமையாசிரியர் ஹொன்மா
மூன்று வருடமாக வருத்தம் தெரிவிக்கிறார்,
ஒவ்வொரு ஏப்ரலிலும், தலை தாழ்த்தி,
புதிதாக.

திங்கள் எரியும் குப்பை.
புதன் பிளாஸ்டிக்.
இரண்டாம் வெள்ளி பாட்டில்கள், அதிலும்
பழுப்பு வேறு, பச்சை வேறு, நிறமில்லாதது வேறு.
ஒருமுறை ஜாம் பாட்டிலை மூடியோடு வைத்துவிட்டேன்.
மாலையில் அது என் கதவருகே நின்றது,
கழுவி, மூடி தனியாக.
யார் கோபமும் அதில் ஒட்டியிருக்கவில்லை.
அதுதான் என்னவோ செய்தது.

சனிக்கிழமை பதினோரு மணிவரை தூங்குவேன்.
மண்ணெண்ணெய் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்.
நான் கோட்டைத் தேடி மாட்டுவதற்குள்
பாட்டு பாலம் தாண்டியிருக்கும்.
சில சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போய்
மற்ற வெளிநாட்டு வாத்தியார்களோடு பீர் குடித்து
ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டு
ஒற்றைப் பெட்டிக் கடைசி ரயிலில்
சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே திரும்புவேன்.
இறங்கும்போது டிரைவர் நன்றி சொல்வார்.

ஞாயிறு, காசு போட்டால் துவைக்கும் கடை.
இந்தக் கடலோரத்தில் டிசம்பரிலிருந்து மார்ச்வரை
கொடியில் எதுவும் காயாது, விறைக்கும்.

அங்கே மினோவா.
இரண்டாம் ஆண்டு, மூன்றாம் பிரிவு,
ஜன்னல் வரிசையில் கடைசி.
வகுப்பில் பெயர் சொன்னால் எழுந்து நிற்பான்.
நின்றுகொண்டே இருப்பான்.
மணியடிக்கும்வரை நிற்பான் என்று தெரிந்தபின்
கூப்பிடுவதையே விட்டிருந்தேன்.
கருணை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அவன் முன்னால் ஒரு பெரிய போர்வையுறை,
கைகளை எவ்வளவு விரித்தாலும்
நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.
என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினான்.
நானும்.
பிறகு இரண்டு முனைகளை என் பக்கம் நீட்டினான்.

பின்னால் நடந்தோம், துணி விறைக்கும்வரை.
முன்னால் நடந்தோம்.
விரல்கள் தொட்ட இடத்தில் சுரீரென்று மின்சாரம்.
ஸ்ஸ், என்றோம் இருவரும்.
அன்று பேசியது அவ்வளவுதான்.
எவ்வளவு துவைத்தும் போகாத கணவாய் வாடை,
சூடாக, இளக்கமாக, என் சட்டையிலும் ஏறியது.
நான்காவது மடிப்பில் அது ஒரு தலையணை.
சறுக்குவண்டியில் மூட்டையைக் கட்டி
கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போனான்.

திங்கள். முதல் பாடவேளை.
வார இறுதியில் என்ன செய்தாய்?
இறந்தகாலத்தில் எழுதுக.
கேம் ஆடினேன், பதினோரு பேர்.
பேஸ்பால் ஆடினேன், பனியிலா என்று கேட்கவில்லை.
தூங்கினேன்.
குசுனோகி மட்டும், தூங்கவில்லை, என்றாள்.
வகுப்பே சிரித்தது.

அப்போது நாற்காலி தரையில் தேய்ந்தது.
யாரும் கூப்பிடாமல் மினோவா நின்றிருந்தான்.
"வீ ஃபோல்டட்."

எதை மடித்தாய், செயப்படுபொருள் எங்கே,
என்றார் என்னோடு வகுப்பெடுக்கும் இகராஷி.
அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவன் மொழியில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நடக்கும்.
யார் என்றே சொல்லாமல்
ஜாம் பாட்டில்கூட வீடு வந்து சேரும்.
நான் சம்பளத்துக்குச் சொல்லித்தரும் மொழியிலோ
அந்த இடத்துக்கு ஒரே ஒரு சொல்.
என்னிடம் இரண்டு இருக்கின்றன.
முப்பத்தொரு பேரும் 'நாங்கள்' என்று கேட்டிருப்பார்கள்,
அவனும் அவன் அப்பாவும், அல்லது தங்கையும்.
எனக்கு மட்டும்
மற்றது கேட்டது.

சரி, என்றேன்.
வழக்கத்தைவிடச் சத்தமாக வந்துவிட்டது.
இகராஷி திரும்பிப் பார்த்தார்.
ஜன்னலுக்கு வெளியே, சந்து திரும்பி,
குப்பை லாரி போய்க்கொண்டிருந்தது.
இன்று திங்கள் என்பது
அப்போதுதான் உறைத்தது.