பத்திரம்

தார்த்து நகரில் பிப்ரவரி.
எமயோகி ஆறு மேலே உறைந்து
அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.
சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
உர்வே
இல்லாத ஒரு சிப்புக்கு உடம்பு செய்கிறாள்.

அதைச் செய்த ஆலை மூடி முப்பது வருடம்.
எட்டு ரெஜிஸ்டர், குறுக்கிட ஒரு கம்பி,
பதினாறு பைட் நிற்கக்கூடிய சின்ன வரிசை.
அவ்வளவுதான் அதன் பிழைப்பு.
ஆனால் பாவனைக் கணினிக்குள்ளே
ஏதோ ஒரு மரஅறுவை ஆலையின் பழைய நிரல்
அது இன்னும் உயிரோடிருப்பதாக நம்பி
தினமும் அதோடு பேசுகிறது.
அந்த நம்பிக்கை கெடக்கூடாது.
சம்பளம் அதற்குத்தான்.

கீழே, சி மொழியில், ஆறாயிரம் வரி.
சுட்டிகள் கைகாட்டும் திசையில் போனால்
சில இடத்தில் வீடு இருக்கும்,
சில இடத்தில் வீடு இருந்த மனை.
மேலே அவள் போர்த்துவது
துரு என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்ட
ஒரு மொழியால்.
பார்க்க வேண்டுமா, எத்தனை பேரும் இரவல் வாங்கலாம்.
திருத்த வேண்டுமா, ஒரே ஒருவர்;
அதுவரை மற்றவர்கள் கண்ணை எடுத்துவிட வேண்டும்.
கம்பைலர் ஒரு கறாரான கணக்குப்பிள்ளை.

இரண்டும் தொடுகிற இடத்தில் மட்டும்
மூன்றே மூன்று வரிக்கு
கணக்குப்பிள்ளை எழுந்து வெளியே போய்விடுவார்.
போகும்போது சொல்லிவிட்டுப் போவார்:
உன் பொறுப்பு.
அந்த மூன்று வரிக்கு மேலே அவள் எழுத வேண்டியது,

ஏன் பத்திரம் என்றால்:

கர்சர் துடிக்கிறது.
ஆபத்தில்லை என்பது ஒரு பத்திரம்.
கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இன்னொரு பத்திரம்.
அவளுக்குத் தெரியாத என் மொழியில்
இரண்டுக்கும் ஒரே சொல்.

'இந்தச் சுட்டி ஒருநாளும் வெறுமையாகாது' என்று எழுதினாள்.
'யார் சொன்னது?' என்று த்ரீனு ஓரத்தில் கேட்டாள்.
'ஆர்வி.'
'ஆர்விக்கு யார் சொன்னது?'

ஆர்வி சமையலறையில்
கம்பு ரொட்டிமேல் மத்தி மீனை அடுக்கிக்கொண்டிருந்தார்.
'நடக்காது என்று நினைத்தேன்' என்றார்.
பிறகு கொஞ்சம் பயந்து,
'நடந்துவிட்டதா?'

அன்றிரவு சோதனை ஓட்டினாள்.
ஒரு பைட் உள்ளே போனது.
குறுக்கீட்டுக் கம்பி எழுந்தது.
அந்தச் சத்தம் நாலு அறை சுற்றி
புறப்பட்ட கதவுக்கே வந்து தட்டியது.
ரெஜிஸ்டர்மேல் ஒரு கை இருக்கும்போதே
இன்னொரு கை.
இரண்டும் அதே ஆளின் கை.
'ஏற்கெனவே இரவலில் உள்ளது'
என்று ஒரு வரி சொல்லிவிட்டு
முழுக் கணினியும் செத்து விழுந்தது.

தன் பிழை என்றுதான் நினைத்தாள்.
இரண்டு மணி நேரம் தன் வரிகளையே சல்லடை போட்டாள்.
அப்புறம்தான் கீழே இறங்கிப் பார்த்தாள்.
பதினேழு வருடமாக
அதே வழியில் அதே கை
வந்துபோய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.
சி எதையும் கேட்டதில்லை.
எப்போதாவது ஒரு பைட் இரண்டு முறை போயிருக்கும்.
எங்கோ யாரோ கேபிளைச் சந்தேகப்பட்டு
புதுக் கேபிள் வாங்கியிருப்பார்கள்.

திருத்தம் ஒரு வரி.
முதலில் கையை எடு, பிறகு மணியடி.

பத்திரம்தான் விடியும்வரை இழுத்தது:

ஏன் பத்திரம் என்றால்:
இதை அழைப்பவர் பெரிய பூட்டைப் பிடித்திருக்கிறார்.
சிப் இருக்கும்வரை இந்தச் சுட்டியும் இருக்கும்;
கட்டும் இடத்திலும் இடிக்கும் இடத்திலும் பார்த்தேன்.
நகல் எடுத்து வேறு கணினிக்கு நகர்த்தும்போது
என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

'கடைசி வாக்கியம் வழக்கத்தில் இல்லையே'
என்று த்ரீனு எழுதினாள்.
அதை எடுக்கச் சொல்லவில்லை.

மரஅறுவை ஆலை ஒரு பைட் அனுப்பியது.
ஒரு பைட் போனது.

வீட்டுக்கு நடந்தபோது பார்த்தாள்,
ஆற்றின் பனிமேல் யாரோ நடந்த தடம்.
பாதிவரை போய்
சற்று நின்று
அதே தடத்தில் திரும்பியிருக்கிறது.
உர்வே பாலத்தில் ஏறினாள்.