சுவர்க்கோழிப் பண்ணை

மூடியில் ஓட்டை போட்டதுதான் முதல் தப்பு.
சால்டரிங் கம்பியைச் சூடாக்கி
வரிசையாகக் குத்தினேன், இருபத்தேழு.
மறுநாள் காலை
ஒவ்வோர் ஓட்டையிலும் இரண்டு மீசை.

பிறகு மூடியின் நடுவே
ஒரு சாண் சதுரம் அறுத்தெடுத்து
எவர்சில்வர் வலை ஒட்டினேன்.
கொசுவலை ஆகாது.
பனியன் துணியையே தின்கிற வாய்.

டப்பா, கம்பெனிக்குப் பட்டன் வந்த டப்பா,
அறுபது லிட்டர்.
பக்கவாட்டில் சீன எழுத்து அழியவில்லை,
மேலே பார்க்கும் அம்புக்குறி மட்டும் புரிகிறது.
உள்ளே, விளிம்புக்குக் கீழே
நாலு விரல் அகலத்துக்குப் பேக்கிங் டேப் சுற்றினேன்.
ஏறி வருவது அங்கே வந்து வழுக்கி விழும்.
ஒருமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விழுந்ததே மறுபடி ஏறியதா
வேறொன்றா, தெரியவில்லை.

முட்டை அட்டை பல்லடத்திலிருந்து.
கோழிப்பண்ணையில் லோடு ஏற்றும் ஆறுச்சாமி மாமன்
பத்து கேட்டதற்கு நாற்பது கொடுத்தார்.
"எத்தன கோழிடா வளக்கற?"
"சுவர்க்கோழிங் மாமா."
முட்டை இருந்த குழிகளில் இப்போது
முழங்காலை முதுகுக்கு மேலே தூக்கி
ஏழெட்டாக உட்கார்ந்திருக்கின்றன.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மூழ்கிச் சாகும்.
வேஸ்ட் துணியை நனைத்து வைக்கிறேன்.
நல்ல ஏற்றுமதி ரகம், மெரூன் கலர்,
கழுத்தளவு தவறி ஒதுக்கியது.
அதைச் சப்பிக் குடிக்கின்றன.

முட்டையிட ஒரு தயிர் டப்பா நிறைய
பொள்ளாச்சித் தேங்காய் நார்த்தூள், ஈரமாக.
பெட்டைக்கு வாலில் ஊசி.
ஊன்றி, எடுத்து, நகர்ந்து, ஊன்றி.
ஓவர்லாக் மிஷினில் பதினோரு வருசம் இருந்தவனுக்கு
பீஸ் ரேட் எவ்வளவு என்று கேட்கத் தோன்றும்.

இத்தனையும் ஒரு மீனுக்கு.
மோகனசுந்தரம் முதலாளி அறையில்
ஆறடித் தொட்டியில் அரோவானா.
வாஸ்துக்காரர் சொல்லி வாங்கியது.
கடையில் ஒரு பூச்சி மூன்று ரூபாய், நாளைக்கு இருபது வேண்டும்.
"நீயே வளத்துடு தம்பி" என்று
சம்பளத்தில் ஆயிரம் சேர்த்தார்.
காலை ஒன்பதரைக்கு வீசுவேன்.
பூச்சியின் கால் தண்ணீரில் படும் முன்னே
ஒரு வெள்ளித் தாழ்ப்பாள் திறந்து மூடும்.

ராத்திரி லைன் வீட்டில்
ஆண் பூச்சிகள் றெக்கையை உரசும்.
சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கலாமணியக்கா:
"ஏனுங் தம்பி, ராத்திரிப் பூராம் உங்கூட்டுல
எண்ணெ போடாத மிஷினாட்டக் கத்துதே, என்னதுங்?"
"மழை வருமாட்டத் தெரியுதுங்க்கா" என்றேன்.
சித்திரை மாதம். ஒரு மேகம் இல்லை.

ஆர்டர் நின்றது.
நிட்டிங் மிஷின் பத்தும் ஓய்ந்தன.
முதலாளி முதலில் விற்றது காரை அல்ல,
ஜெனரேட்டரை அல்ல, மீனை.
கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து
ஆக்சிஜன் அடைத்த பையில் கொண்டுபோனார்கள்.
"அந்தப் பூச்சிய என்னமோ பண்ணிக்க."
அந்த ஆயிரமும் அன்றோடு சரி.

டப்பாவைப் பைக்கில் கட்டிக்கொண்டு
மங்கலம் தாண்டி ஒரு சோளக்காட்டு ஓரம் போனேன்.
கரண்ட் கம்பியில் இரண்டு கரிச்சான்,
வாலை அசைக்காமல் பார்த்தன.
மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்
தள்ளிப் போய் நின்றேன்.
கால்மணி நேரம்.
ஒன்றும் வெளியே வரவில்லை.

டேப்.

அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தேன்.
ஒரு பக்கம் பிய்த்துவிட்டால் போதும்,
கவிழ்த்தாலும் போதும்.
கரிச்சான் ஒன்று கிட்டக் கம்பத்துக்கு வந்தது.
மூடியை எடுத்து அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்து கேரட் தோல் போட்டேன்.
நார்த்தூளில் புதிதாகப் பொரித்திருக்கிறது,
புள்ளிக்குக் கால் முளைத்தாற்போல.
நடக்கிறதா, கொதிக்கிறதா, பார்த்தால் தெரியாது.
என் வலைக்கண்ணே இதற்கு வாசல்.
இன்னும் நெருக்கமான வலை வேண்டும்.
மங்கலம் ரோட்டுக் கடையில் இருக்கிறது,
அடி எண்பது ரூபாய்.
சனிக்கிழமை சம்பளம் வந்தால்.