நானூறு பெட்டி

கப்பலூர் சிட்கோவில்
பஞ்சிங் மிஷினை நான் நிறுத்தியபோது
சனிக்கிழமை முடிய இன்னும் பதினெட்டு நிமிடம்.

"நாளைக்கும் ஓட்டுவோமேக்கா,
தீவாளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும்ல"
என்றாள் பேச்சியம்மாள், பசைக் கையோடு.
என் ஓய்வுநாள்
அவளுக்கு ஒருநாள் கூலி.
இதை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை நான்.

விளக்குத்தூண் மிட்டாய்க்கடைக்காரர்
ஏழாவது தடவையாக அழைக்கிறார்.
அதற்கு அடியில்
திறக்காமல் கிடக்கிறது
சின்னவன் அனுப்பிய குரல்.
பழங்காநத்தம் பாலத்தடியில் வண்டியை ஓரங்கட்டிக் கேட்டேன்:
"அம்மா, வசனம் சொல்றேன், தப்பா இருந்தா சொல்லு."
பாதியில் மறந்து, தானே சிரித்து,
அப்படியே தூங்கிப்போயிருந்தான்.
மீதி முழுக்க மின்விசிறிச் சத்தம்.
அதையும் கடைசிவரை கேட்டேன்.

நரிமேட்டுக் கோயிலில் காணிக்கைப்பை வரும்போது
மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன்
நானூறை நாலு பேரால்.
காரின் டிக்கியில் கிடந்தன
மடிக்காத அட்டைகள்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் கொட்டினோம்.
கிப்சன் மூலை மடிக்க, பெரியவள் மூடி போட,
எண்ணி எண்ணித் தப்புவிட்ட சின்னவன்
"இது வேலையாம்மா?" என்றான்.
"இல்லடா" என்றேன்.
கிப்சன் என்னைப் பார்க்கவில்லை.

பேச்சியம்மாளின் இன்றைய கூலியை
நாளைக் கவரில் சேர்த்து வைப்பேன்.
அது நியாயமா,
என் மனசாட்சிக்கு நான் கொடுக்கும் ஓவர்டைமா,
தெரியவில்லை.

ராத்திரி குழம்பைச் சூடாக்கினேன்.
தட்டு வைக்க மேஜையில் இடமில்லை.
ஆளுக்கொரு தட்டைக் கையில் பிடித்து
நின்றபடியே ஜெபித்தோம்.

ஆமென் சொன்ன அதே மூச்சில்
முந்நூற்று எழுபத்தொன்பது
என்றான் சின்னவன்.