இரைக் கணக்கு

கோழிக்குடல் இலவசம்.
பாகூர்க் கடையில் ஹனீபா
வாளியோடு தள்ளிவிடுவார், எடுத்துப் போனால் போதுமென்று.
முதல் வாரம் அதைத்தான் கட்டினேன்.
விடிந்து கூண்டைத் தூக்கினால்
இரண்டு தண்ணிப்பாம்பு, ஒரு விரால்.
சிங்கி ஒன்றுகூட இல்லை.
குளம் மூன்று நாள் நாறியது.

தேங்காய்ப் புண்ணாக்கு கரைந்தே போயிற்று.
நாய் பிஸ்கட் மகள் சொன்ன யோசனை;
கிலோ இருநூற்றெண்பது.
எங்கள் வீட்டு நாய்க்கே நான் அதை வாங்கியதில்லை.

கவலை மீன் தலைக்கு மயங்காத சிங்கி கிடையாது.
ஆனால் சித்திரை பிறந்ததும் தடைக்காலம்.
கடலூர் முதுநகரில் படகெல்லாம் கட்டிக்கிடந்தன,
ஐஸ் பெட்டிகள் கவிழ்ந்து காய்ந்தன.
தலை விற்கிற பூமயில்
கருவாட்டுச் சாக்கின் அடியை உதறிக் காட்டினாள்:
செதில், வால், உப்பு, கொஞ்சம் மணல்.
"ஆவுமா பாரு. படி பத்து ரூபா."

ஆயிற்று.
வீட்டில் ஒற்றை ஒற்றையாய்க் கிடந்த
ஸ்கூல் சாக்ஸில் பிடிப்பிடியாய்ப் போட்டு முடிந்து
கூண்டின் நடுவில் தொங்கவிட்டேன்.
தின்று தீர்க்கவும் முடியாது, விட்டுப் போகவும் மனசு வராது.
பதினோரு கூண்டுக்கும் சேர்த்து இருபது ரூபாய்.
விடியலில் நாற்பத்து மூன்று,
நீலமும் சேற்றுச் சிவப்புமாய்,
கொடுக்கை உயர்த்தி என்னையே மிரட்டின.

வரப்பில் பொத்தல் போட்டதும்
கெண்டைக் குஞ்சைத் தின்றதும் இவைதான்.
எந்தப் பாவி கொண்டுவந்து விட்டானோ என்று
குத்தகைக்காரர்கள் கூட்டத்தில் கேட்டார்கள்.
நானும் சேர்ந்து கேட்டேன்.

மூன்றே மூன்று.
புதுச்சேரி கலர்மீன் கடையில்
ஜோடி முன்னூறு, ஒன்று இனாம்.
கரண்ட் போன ராத்திரி
தொட்டியில் காற்றுக்குழாய் நின்றுவிட,
சாகட்டும் என்று விட மனசில்லாமல்
பக்கெட்டில் சுமந்துபோய்

அதை விடுங்கள்.

இப்போது ஓட்டலிலிருந்து பைக்கில் வருகிறான்
ரெமி மரியநாதன். கிலோ நானூறு தருவானாம்.
"எல்லாத்தையும் வாரிடாதீங்கண்ணே,
விதைக்குக் கொஞ்சம் விட்டுவைங்க."
அவன் பேச்சில் கருவாட்டு வாசமே இல்லை.
ஆனாலும் ஒரு டீ ஆறுகிற நேரம்
நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அவன் போனபின் பையைக் கொட்டினேன்.
ஒரு தாய், வாலை மடித்து,
அடியில் பச்சை மிளகுக் கொத்தாய் முட்டை.
எண்ண ஆரம்பித்து நூற்றிருபதில் விட்டேன்.
அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

நாளைக்கு இன்னும் இரண்டு படி வேண்டுமென்று
பூமயிலுக்குப் போன் போட்டேன்.