இடப்பக்கம்

"வெளிச்சம் வந்ததா?"
"தெரியவில்லை."
"எந்தப் பக்கம்?"
"தெரியவில்லை என்றபின் பக்கம் ஏது, பெண்ணே?"

ரான்வெய்க் எரிந்துவிழுவது நியாயம்தான்.
துரோம்சோவில் டிசம்பர்,
நண்பகலிலும் சன்னலில் மைநீலம்.
பின்மூளையின் வலப்புறத்துக்கு
ஒருநாள் இரவில் ரத்தம் நின்றது,
விடிந்தபோது உலகத்தின் இடப்பாதி இல்லை.
இருட்டு என்றும் சொல்ல முடியாதாம்.
"உன் பிடரிக்குப் பின்னால்
இப்போது உனக்கு என்ன தெரிகிறது?
அதுதான்."

"சும்மா ஊகித்துப் பாருங்கள்."
தாடைத்தாங்கியில் முகம் வைத்து
லாட்டரிச் சீட்டு உருவுகிறவள்போல ஊகித்தாள்.
என் திரையில் அவள் பார்வை ஒரு சிவப்புப் புள்ளி.
இடது மேல்மூலையில் விளக்கு மின்னியதும்
புள்ளி துள்ளிப்போய்
அங்கேயே நின்றது.
"தெரியவில்லை," என்றாள்,
அதையே பார்த்தபடி.

நூற்றுக்கு எழுபத்தெட்டு.

காகிதத்தில் வரைந்து காட்டினேன்.
விழியிலிருந்து கிளம்பும் பெருவழி பின்மூளைக்கு.
அது அறுந்துவிட்டது.
பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று
பாதியிலேயே நடுமூளைக்குள் திரும்பும்.
அங்கே பட்டாணி அளவில் சிறு குன்றுகள்.
கூரை என்று பெயர், இருப்பதோ நிலவறையில்.
என்ன, யார், என்ன நிறம்
எதுவும் விசாரிக்காது.
எங்கே என்று மட்டும் கேட்டு
கண்ணைத் திருப்பிவிடும்.

பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.
எட்டு வயதில் லோஃபோட்டனில்
காட் மீன் நாக்கறுத்துச் சில்லறை சேர்த்தவள்,
பிறகு முப்பத்தொரு குளிர்காலம்
தலைவெட்டும் மேசையில்.
"மண்டையைப் பிளந்தால் நடுவே இரண்டு உருண்டை,
மற்றதெல்லாம் அதன்முன் சுண்டைக்காய்.
அதுதானே?"
அதேதான்.

"அப்படியென்றால் எனக்குள் ஒரு மீன் பார்க்கிறது."
திருத்த வாயெடுத்தேன். விட்டுவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.
இரண்டு உருண்டைகளையும் மசியால் நிரப்பினாள்,
காகிதம் நைந்து கிழியும்வரை.

"சில காலையில் யோஸ்டைன்
என் இடப்பக்கம் வந்து உட்காருவான்.
வலப்பக்கம்தான் வா என்று சொல்லியிருக்கிறேன்.
ஒரு சத்தமும் இருக்காது.
ஆனாலும் அன்றைக்கெல்லாம்
கஞ்சி இறங்காது எனக்கு."

கணவரிடம் கேட்டீர்களா என்று
நான் கேட்கவில்லை.
முகத்தைப் படிக்கும் இன்னொரு பாதையும்
அந்த நிலவறையில் இருக்கலாம் என்று
சிலர் சொல்வதையும் சொல்லவில்லை.

தாடையை மறுபடி வைத்தாள்,
ஒருமுறை கண்களை இறுக மூடித் திறந்து.

"ம். போடு விளக்கை."