கூடம் கோணல்

இரவு மூன்று பத்துக்கு விழுந்தது கார்னோடாரஸ்.
தனியாக விழும் பழக்கம் அதற்கு இல்லை.
பக்கத்து அலோசாரஸ்கள் இரண்டையும்
தோளால் இடித்து இழுத்துக்கொண்டு போய்
மண்ணைக் கவ்வியது.
கீழ்வீட்டு பொஹ்தானா
துடைப்பக் கட்டையால் கூரையை மூன்று முறை தட்டினாள்.
விழுந்தவை மூன்று என்று
அவளுக்கும் கணக்குத் தெரியும்.

கர்வினாவில் நவம்பர். ஹீட்டர் ஓயாது.
அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் மெல்ல மனம் மாறும்.
வாங்கிய அன்று விறைத்து நின்ற கணுக்கால்
மாதத்துக்கு ஒரு நூல் அளவு மடங்கும்.
தலை பெரிது, வாய் அதைவிடப் பெரிது,
தாங்க இரண்டே கால்.
அச்சு வார்த்தவன்
பாய்வதைப் பற்றி யோசித்திருக்கிறான்,
நிற்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

பகலில் எனக்குக் குளியல் சிகிச்சை விடுதியில் வேலை,
வீங்கிய மனித முழங்கால்களை
அயோடின் நீரில் இறக்கிவிட்டு
கடிகாரம் பார்ப்பது.
இரவில் இவை.

கெட்டிலில் கொதித்த நீர், கொதி அடங்க ஒரு நிமிடம்.
கால்களை முக்கி நாற்பது எண்ணுவேன்.
விரலுக்குச் சூடு உறைக்கும்போது
கணுக்காலை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளி
பனிக்கட்டிக் கிண்ணத்தில் சொருகிப் பிடிப்பேன்.
அப்போது ஃபோன் அடித்தால்
ப்ராகிலிருந்து தங்கை யித்கா என்றாலும்
எடுக்க மாட்டேன்.

அதற்கும் திருந்தாதவற்றுக்கு வாலில் துளை,
துளைக்குள் தூண்டில் ஈயக்குண்டு நான்கு,
மேலே பசை, பசைமேல் பழுப்புச் சாயம்.
ஸ்பைனோசாரஸுக்கு மட்டும்
உள்ளங்காலில் எஃகு ஊசி ஏற்றினேன்.
துளைப்பான் நழுவி
என் கட்டைவிரலிலும் ஏறியது.

பதினோரு உருப்படி.
ஒவ்வொன்றையும் திருத்தி, தட்டில் நிறுத்தி,
மூச்சடக்கிப் பின்வாங்கி,
விளக்கை அணைக்கப் போகையில்
ஏதாவது ஒன்று தலையைத் தொங்கப்போடும்.

சனிக்கிழமை பொஹ்தானாவே மேலே வந்தாள்.
சுரங்கக் கம்பெனியின் நில அளவைப் பிரிவில் இருப்பவள்.
திட்டுவதற்கென்று வாசலிலேயே மூச்சை இழுத்தவள்
மேசையில் என் கிண்ணம், ஊசி, பசையைப் பார்த்து
அதை அப்படியே விட்டுவிட்டாள்.
ஓர் ஈயக்குண்டை எடுத்துத்
தரையில் வைத்தாள்.
அது யோசித்தது.
பிறகு கிளம்பியது,
கம்பள விளிம்பைத் தாண்டி,
அலமாரிக்கு அடியில் நுழைந்து,
சுவரில் டிக்கென்று போய் முட்டியது.

"தெற்குப் பக்கம்," என்றாள்.
"என் கட்டிலுக்கு இரண்டு கட்டை கொடுத்திருக்கிறேன்.
உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
கூடம் கோணல்தான் அம்மா.
இத்தனை நாள் ஆடியவர்களைத்தான்
வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

டைனோசார் பிறக்கும் முன்பே
ஒரு காடு இங்கே விழுந்து புதைந்து கரியானது.
அதைத் தோண்டி எடுத்து
அடுப்பிலும் உலையிலும் ஏற்றி எரித்துத் தீர்த்தோம்.
எடுத்த இடத்தை நிரப்ப
நிலம் மெல்ல இறங்கி வருகிறது,
எங்கள் நான்கு மாடியையும்
கூடவே கூட்டிக்கொண்டு.

அவள் போனதும் அலமாரியின் தெற்குக் காலுக்கு அடியில்
பீர் குவளை அட்டைகள் ஆறு சொருகினேன்.
ரசமட்டத்தின் குமிழி
நடுக்கோட்டில் வந்து உட்கார்ந்தது.
அந்த இரவு கெட்டிலைத் தொடாமல் படுத்தேன்.

மூன்று மணி இருக்கும்.
கோணலுக்கென்று நான் நேராக்கிய பதினொன்றும்
ஒன்றன்பின் ஒன்றாக
மறுபக்கம் விழுந்தன.
மிச்சம் நின்றது ட்ரைசெராடாப்ஸ்.
நாலு கால், கனத்த வயிறு,
ஒருநாளும் என் கை படாதது.

போர்வைக்குள் கிடந்தபடி
பதினோரு தட்டலுக்குக் காத்திருந்தேன்.
நான்கு வந்தது.
பிறகு அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைப்பதும்
அது சறுக்கி
விழுவதும் கேட்டது.